கதவில் இருந்த பெயர்ப்பலகை

இத்தாலியின் தூரின் நகரை நம் மக்கள், ஆண்டவரின் திருவுடலைப் பொதிந்ததாக வணங்கப்பெறும் துணியினால் அறிவார்கள். எனக்கோ அந்நகரம் பித்தளையில் செதுக்கிய ஒற்றைச் சொல்லினால் நினைவில் நிற்கின்றது. அச்சொல்லின் கடைசி எழுத்தைப் பற்றி இரண்டு பெண்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதை நான் அருகிலிருந்து கேட்டவள்.

2008ஆம் ஆண்டு எங்கள் சபை என்னை அங்கே செவிலியாக அனுப்பியது. பிற்பகல்களில், தனித்து வாழும் முதியோரை அவர்தம் இல்லங்களிலேயே சென்று கவனிப்பது என் பணி. கொன்சொலாத்தா அன்னையின் திருத்தலத்திலிருந்து சிறிது தொலைவில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயராலேயே வழங்கும் தெருவுக்கு அருகே, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அந்த அம்மையார் இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. கதவில் பித்தளைப் பலகை. அதில் முதற்சொல் ‘அவ்வொகாத்தோ’, அதாவது வழக்கறிஞர். அதன்கீழ் ஒரு பெண்ணின் பெயர்.

இத்தாலிய மொழியை அப்போதுதான் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டிருந்தேன். புதிதாகக் கற்பவருக்கு இலக்கணத்தின்மேல் இருக்கும் நம்பிக்கை, அம்மொழியில் பிறந்தவர்க்கு இருப்பதில்லை. அம்மொழியில் அஃறிணை என்று ஒன்று இல்லை. புத்தகம் ஆண்பால், வீடு பெண்பால்; கதிரவன் ஆண், நிலவு பெண். மனிதரைக் குறிக்கும் சொற்களிலோ ‘ஓ’ என்று முடிவது ஆண், ‘ஆ’ என்று முடிவது பெண். மாயெஸ்த்ரோ ஆசிரியர், மாயெஸ்த்ரா ஆசிரியை. ஆலைத் தொழிலாளி ஆணாயின் ஒப்பெராயோ, பெண்ணாயின் ஒப்பெராயா. சில சொற்கள் ‘ஏ’ என்று முடிந்து இருபாலுக்கும் பொதுவாக நிற்கும். நீதிபதியாகிய ‘ஜூதிச்சே’ அத்தகையது. அதன் முன்னே வரும் சிறு சொல்லே பாலைக் காட்டும். இத்தனையும் ஒரே வாரத்தில் எனக்குச் சொல்லித் தரப்பட்டன. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்த அன்றே, “அம்மா, செதுக்கியவர் தவறு செய்துவிட்டார். கடைசி எழுத்து ‘ஆ’ என்றல்லவா இருக்க வேண்டும்?” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். “சுவோரா, அது தவறன்று. அந்த ‘ஓ’வுக்கு நான் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியாது” என்றார். ‘சுவோரா’ என்பது அங்கே அருட்சகோதரியை அழைக்கும் சொல். அதை அப்போதைக்கு விட்டுவிட்டோம். இரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு நான் திரும்பினேன்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், அவர் கேட்டுக்கொண்டபடி மாலையில் சேர்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினோம். செபமாலையின் இறுதியில் நாம் ‘கிருபைதயாபத்து’ சொல்லுமிடத்தில் அவர்கள் அதே செபத்தை இத்தாலியத்தில் சொல்வார்கள். நாம் அன்னையை ‘மன்றாடுகிற’ தாய் என்று விளிக்குமிடத்தில், அவர்கள் வாயில் வரும் சொல் ‘அவ்வொகாத்தா’. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பலமுறை சொல்லியிருந்தும் அன்றுதான் காதில் விழுந்தது. செபம் முடியும்வரை பொறுத்திருந்து, “விண்ணரசி ‘அவ்வொகாத்தா’வாக இருக்கலாம், தாங்கள் மட்டும் ஏன் ‘அவ்வொகாத்தோ’?” என்று கேட்டேன்.

நம் மொழியிலும் ‘மன்றாடு’ என்னும் சொல்லுக்குள் ‘மன்று’ ஒளிந்திருப்பதை அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தேன். தாய்மொழியை அயல்மொழி சொல்லித் தரும் நேரங்கள் உண்டு.

அம்மையார் தம் கதையைச் சொல்லுமுன் வேறொருவர் கதையைச் சொன்னார். தூரின் பல்கலைக்கழகத்தில் 1881இல் சட்டப் பட்டம் பெற்றவர் லிதியா பொயெட். 1883இல் வழக்கறிஞர் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னே அந்நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. வழக்காடுவது ஆண்களுக்கே உரிய பணி என்றது தீர்ப்பு. பெண்களின் விநோதமான நாகரிக உடைகள்மீது வழக்கறிஞர் அங்கியை அணிந்தால் காட்சி எப்படியிருக்கும் என்றும் நீதியரசர்கள் கவலைப்பட்டார்கள். லிதியா தம் சகோதரரின் அலுவலகத்திலேயே உழைத்தார். பெண்களுக்குத் தொழில்களைத் திறந்துவிட்ட சட்டம் 1919இல் வந்தது. 1920இல், அறுபத்தைந்தாம் வயதில், அவர் பெயர் மறுபடியும் பட்டியலில் ஏறியது.

“எங்கள் தெருமுனையில் நடந்த அநியாயம்” என்றார் அம்மையார், நேற்று நடந்ததைப் போல.

அவர் 1950களின் நடுவில் பட்டம் பெற்றவர். உண்மையில் அவர் விரும்பியது நீதிபதியாவதற்கு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. நீதிபதித் தேர்வெழுதப் பெண்களுக்கு 1963வரை உரிமையில்லை. ‘ஜூதிச்சே’ என்னும் சொல் இருபாலுக்கும் பொதுவாக இருந்தென்ன பயன்? இலக்கணம் திறந்து வைத்திருந்த வாயிலைச் சட்டம் அடைத்து வைத்திருந்தது. அந்த வாயில் திறந்தபோது அவருடைய அலுவலகம் வேரூன்றியிருந்தது. கட்சிக்காரர்களை விட்டுவர மனமில்லை.

முதன்முறை அங்கி அணிந்து நீதிமன்றம் சென்ற நாளில் ஒரு மூத்த வழக்கறிஞர் அவரை ‘அவ்வொகாத்தெஸ்ஸா’ என்று அழைத்தாராம், இதழோரத்தில் சிரிப்புடன். இந்த ‘எஸ்ஸா’ என்னும் விகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. பிரபுவின் மனைவிக்குரிய பட்டங்களில் அது வரும். மடத்துத் தலைவியாகிய ‘பதெஸ்ஸா’வின் பெயரிலும் மதிப்போடு வரும். மாணவி, பேராசிரியை, பெண் மருத்துவர் ஆகியோர்க்கு அது இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் வேறு சில சொற்களில் ஒட்டும்போது, ‘இன்னாருடைய மனைவி’ என்றோ, ‘வாயாடி’ என்றோ ஓர் ஏளனம் அதில் கலந்துவிடும். “அந்தச் சிரிப்பை நான் நாற்பது ஆண்டுகளாக மறக்கவில்லை. எதிர்த்தரப்பில் நின்ற ஆண்மகனுக்கு எந்தச் சொல்லோ, அதே சொல் எனக்கும் வேண்டும் என்று பித்தளையில் வெட்டச் சொன்னேன். ஓர் எழுத்தும் குறையாமல்” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். இலக்கணப் புத்தகத்தில் இது இல்லை.

அவருடைய தம்பி மகளும் வழக்கறிஞர். அத்தையின் அலுவலகத்தையே ஏற்று நடத்தியவர். நாற்பது வயதிருக்கும். அவருடைய கடிதத்தாளில் ‘அவ்வொகாத்தா’ என்று அச்சிட்டிருந்தது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்வது குறைவு.

இந்தச் சச்சரவு அந்த வீட்டில் மட்டும் இருந்ததன்று. அல்மா சபத்தீனி என்னும் அறிஞர், இத்தாலிய மொழியில் பெண்கள் எவ்வாறு மறைக்கப்படுகிறார்கள் என்பதை ஆராய்ந்து எழுதிய நூலைப் பிரதமரின் அலுவலகமே 1987இல் வெளியிட்டது. அமைச்சரைப் பெண்பாலில் ‘மினிஸ்த்ரா’ என்றும், நகரத் தலைவரை ‘சிந்தக்கா’ என்றும், வழக்கறிஞரை ‘அவ்வொகாத்தா’ என்றும் சொல்லுங்கள். இவை புதுச்சொற்கள் அல்ல, நம் இலக்கணம் தானே தரும் வடிவங்கள் என்று அவர் பரிந்துரைத்தார். பலர் நகைத்தார்கள். காதுக்கு இனிமையாக இல்லை என்பதே பெரும்பாலோர் சொன்ன காரணம். சபத்தீனி மறு ஆண்டே இறந்துவிட்டார். 1583இல் தொடங்கப்பெற்று மொழியைக் காத்துவரும் ஃபிளாரன்சின் குருஸ்கா கழகத்து அறிஞர்களும், பின்னாளில், அவ்வடிவங்கள் இலக்கணப்படி சரியே என்று பலமுறை எழுதினார்கள். காது கேட்கவில்லை.

எனக்கு வியப்பளித்தது இந்தக் காதுதான். பணிப்பெண்ணைக் ‘கமெரியேரா’ என்றும், செவிலியாகிய என்னை ‘இன்ஃபெர்மியேரா’ என்றும் அழைக்கும்போது உறுத்தாத அதே ‘ஆ’, அமைச்சரிடம் போனதும் உறுத்துகின்றது. கடிதம் தட்டச்சு செய்யும் பெண் ‘செக்ரெத்தாரியா’. அவளே ஒரு பெரிய அமைப்பின் பொதுச்செயலாளராகிவிட்டால் ‘செக்ரெத்தாரியோ’ ஆகிவிடுவாள். ஏணியில் ஏற ஏறப் பெண்பால் உதிர்ந்துவிடுகின்றது.

2013ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். லவுரா பொல்திரீனி என்பவர் நாடாளுமன்றக் கீழவையின் தலைவராகி, தம்மைப் பெண்பாலிலேயே அழைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு ஞாயிறன்று தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசினார்கள். அத்தையும் மருமகளும் தொடங்கிவிட்டார்கள். நான் அம்மையாரின் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவும் இயலவில்லை.

“நீதிமன்றத்தில் எழுத்தர் என்னைப் பார்த்து, ‘செல்வி, வழக்கறிஞர் எப்போது வருவார்?’ என்று கேட்கிறார், அத்தை. இருபது ஆண்டு அனுபவம் எனக்கு.”

“அதனால்தான் சொல்கிறேன். ‘ஓ’ என்று போட்டிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.”

“அவர் என் கடிதத்தாளையா பார்த்தார்? என் முகத்தைத்தான் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு என் முகமும் உண்டு என்று அவர் அறிய வேண்டாமா?”

“உன் முகத்தைப் பழக்க நான் உழைத்தேன். நீ இப்போது வேறு சொல் கேட்கிறாய்.”

பிறகு அம்மையார் தம் வலிமையான சான்றை எடுத்தார். சியன்னா நகரத்துத் தூய கத்தரீனாளை 1970இல் ஆறாம் பவுல் மறைவல்லுநராக உயர்த்தினார். இத்தாலியத் திருவழிபாட்டு நாள்காட்டி அப்புனிதையை ‘தொத்தோரே’ என்று ஆண்பாலிலேயே குறிக்கின்றது, ‘தொத்தோரெஸ்ஸா’ என்றன்று. “கத்தரீனாளுக்குப் போதுமானது எனக்குப் போதாதா?” என்றார். மருமகள் விடவில்லை. “அந்தப் பட்டத்தை இருபது நூற்றாண்டுகளாக ஆண்களுக்கே கொடுத்துவிட்டு, பெண் வந்து நின்றபோது வேறு சட்டை தைக்க மறந்துவிட்டார்கள்!” நம் நாள்காட்டியில் ‘மறைவல்லுநர்’ என்றே இருக்கின்றது; நமக்கு இந்தச் சிக்கல் எழவில்லை.

சமாதானம் செய்வதாக எண்ணிக்கொண்டு நானும் வாய் திறந்தேன். எங்கள் மடத்தில் பொருளாளர் ‘எக்கோனொமா’; துணைத்தலைவி ‘விக்காரியா’; சில சபைகளில் தலைவி ‘ப்ரியோரா’. எல்லாம் பெண்பால். பல நூற்றாண்டுகளாக மடத்துக் கதவுக்குள்ளே பெண்கள் நிலம் வாங்கினார்கள், கணக்கு எழுதினார்கள், ஆட்சி செய்தார்கள். அந்தப் பெயர்களை யாரும் அழகற்றவை என்றதில்லை என்றேன். ‘மினிஸ்த்ரா’ என்னும் சொல்லின் தொன்மையை எங்கள் இல்லத்துக்குத் திருப்பலி நிறைவேற்ற வந்த முதிய குருவானவர் ஒருமுறை சொல்லியிருந்தார். கி.பி. 112ஆம் ஆண்டளவில் ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்களிடையே ‘மினிஸ்த்ரே’, அதாவது பெண் பணியாளர்கள், என அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைக் குறிப்பிடுகின்றான். அதையும் சொன்னேன்.

“அவர்களை எதற்காகக் குறிப்பிட்டான்?” என்று கேட்டார் அம்மையார்.

“உண்மையை வரவழைக்க அவர்களைச் சித்திரவதை செய்ததாக.”

“பார்த்தாயா? பெண்பால் கொடுத்தார்கள், கூடவே சாட்டையும் கொடுத்தார்கள்.”

மூவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அது விளையாட்டுச் சொல் அன்று.

உங்கள் மொழியில் எப்படி என்று இருவரும் கேட்டார்கள். வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் என்று எங்கள் சொற்கள் மரியாதையோடு இருபாலுக்கும் நிற்கும். வினையும் ‘வந்தார்’ என்றே முடியும் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். மருமகளுக்குப் பொறாமையாக இருந்தது. ஆயினும் மனச்சான்று உறுத்த, மீதியையும் சொன்னேன். மருத்துவர் பெண்ணென்றால் எங்கள் ஊரில் ‘லேடி டாக்டர்’ என்போம். ஆணை யாரும் ‘ஜென்ட்ஸ் டாக்டர்’ என்பதில்லை. மருத்துவன் என்பதற்குப் பெண்பாலாக ‘மருத்துவச்சி’ என்று ஒரு சொல் உண்டு. அது பேறுகாலம் பார்ப்பவளோடு நின்றுவிட்டது. “எங்கள் மாயெஸ்த்ரோவைப் போல” என்றார் அம்மையார். ஆணுக்குச் சொன்னால் அது இசைமேதை; பெண்பாலாக்கினால் தொடக்கப்பள்ளி ஆசிரியை.

இன்னொன்றை அவர்களிடம் நான் சொல்லவில்லை. தூரினுக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். வெள்ளை அங்கியணிந்த இளம்பெண் ஒருவர் எதிரே வந்தார். “தங்காய், மருத்துவர் எங்கே?” என்ற பொருளில் கேட்டேன். அவர் கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, “நான்தான்” என்றார். கோபமில்லை. பலமுறை சொல்லிச் சலித்த குரல். நானும் ஒரு பெண். இருபது ஆண்டுகள் பெண் மருத்துவர்களுக்குக் கீழே பணி செய்தவள். என் கண்ணே அப்படிப் பார்த்தது என்றால் நீதிமன்ற எழுத்தரை நான் என்ன சொல்ல? எந்த எழுத்து அந்தக் கண்ணைத் திருத்தியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இளம்பெண்ணின் பதவிக்கு ஒரு பெண்பாற்சொல் என் நாவில் பழகியிருந்தால், ஒருவேளை கேள்வியையே வேறு மாதிரிக் கேட்டிருப்பேன். ஆகவே மனத்தளவில் நான் மருமகளின் கட்சி. அன்பளவில் அத்தையின் கட்சி.

அம்மையார் 2015 பிப்ரவரியில், பனி பெய்த ஓர் இரவில், அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அங்கே இறப்பு அறிவிப்பைச் சிறு சுவரொட்டியாக அச்சிட்டு வீட்டு வாயிலிலும் பங்குக் கோவிலின் பலகையிலும் ஒட்டுவார்கள். அடக்க ஏற்பாட்டாளரின் அலுவலகத்துக்கு மருமகளுடன் நானும் சென்றேன். அவர் பெயரை எழுதிக்கொண்டு, “தொழில்?” என்று கேட்டார். மருமகள் பேசவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வாதாடிய நா! ‘ஆ’ என்றால் இறந்தவருக்குத் துரோகம்; ‘ஓ’ என்றால் தன் வழக்கையே கைவிட்டதாகும். கண்ணீர் மட்டும் வழிந்தது. ஏற்பாட்டாளர் துயரம் என்று எண்ணிக் காத்திருந்தார், பிறகு தாமாகவே, “‘அவ்.’ என்று சுருக்கமாகப் போட்டுவிடலாமே, இடமும் மிச்சம்” என்றார். எழுத்துகள் நின்று, ஒரு புள்ளி. எந்தப் பாலும் இல்லை. மருமகள் தலையசைத்தார். மறுநாள் காலை பனியில் நனைந்த சுவரில் அந்தப் புள்ளியை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவ்வாண்டின் இறுதியில் நான் தமிழகம் திரும்பினேன். மருமகளின் மடல்கள் வந்துகொண்டிருந்தன. 2016 ஜூனில் உரோமையும் தூரினும் ஒரே நாளில் பெண்களை நகரத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்தன. டிராம் வண்டியில் கிழவர்கள்கூட ‘சிந்தக்கா’ என்று திட்டுகிறார்கள், திட்டுவதற்காவது சொல் பழகிவிட்டது என்று எழுதினார். அதே மாதம் உரோமை, மகதலா மரியாவின் நினைவை விழாவாக உயர்த்தியது. புதிய தொடக்கவுரையின் தலைப்பிலேயே, ‘திருத்தூதர்களின் திருத்தூதர்’ என்னும் பட்டத்தில் ‘அப்போஸ்தலா’ என்று இலத்தீன் பெண்பால் நின்றது. அத்தை இருந்திருந்தால் கத்தரீனாளுக்கு இதை மறுமொழியாக வைத்திருப்பேன் என்று எழுதியிருந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே குடியரசின் முன்னாள் தலைவர் நப்போலித்தானோ, ‘மினிஸ்த்ரா’, ‘சிந்தக்கா’ ஆகிய சொற்களைத் தம்மால் தாங்க இயலவில்லை என்று மேடையிலேயே வெறுப்போடு சொன்னார்.

பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவும் இல்லை. 2021இல் சன்ரேமோ இசைவிழா மேடையில் இசைக்குழு நடத்துநர் பெயத்ரீச்சே வெனேத்சி, தம்மைத் ‘திரெத்தோரே’ என்று ஆண்பாலிலேயே அழைக்கும்படி கேட்டார். 2022 அக்டோபரில் நாட்டின் முதற்பெண் பிரதமரான ஜோர்ஜா மெலோனி, தம் பதவியை ஆண்பாலிலேயே குறிக்க விரும்பினார். “பிரதமரின் அலுவலகத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்” என்று மருமகள் எழுதினார். 2024இல், அரசு ஆவணங்களில் இத்தகைய பெண்பாற்சொற்களை எழுதினால் தண்டத்தொகை விதிக்க வேண்டுமென ஒரு செனட்டர் சட்ட முன்வரைவு கொண்டுவந்து, அவருடைய கட்சியே சங்கடப்பட்டதால் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு மாறாக, அதே ஆண்டில் திரெந்தோ பல்கலைக்கழகம் தன் பொது விதிமுறையை முழுவதும் பெண்பாலிலேயே எழுதி, ஆண்களும் அதனுள் அடக்கம் என்று அறிவித்தது. ஓர் எழுத்துக்கு இத்தனை பாடு.

சென்ற திருவருகைக் காலத்தில் மருமகள் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். அதே மூன்றாம் மாடிக் கதவு. அத்தையின் பித்தளைப் பலகையைக் கழற்றாமல், மெருகேற்றி, அதன்கீழே தம்முடையதை மாட்டியிருக்கிறார். மேலே ‘ஓ’, கீழே ‘ஆ’; இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர். புதிதாக வரும் கட்சிக்காரர்கள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டையும் படித்துவிட்டு, “தங்கள் கணவரும் வழக்கறிஞரா?” என்று கேட்கின்றார்களாம்.

“இல்லை, என் அத்தை” என்று சொல்லிக் கதவைத் திறக்கின்றாராம்.